கிழவியை விட்டுவிடு

அன்புள்ள நண்பா,

போன கடிதத்துக்குப் பதில் போடாதது என் தப்புதான். அதற்காக, நீயும், நாம் கிழவி என்று கூப்பிடும் உன் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கும் கட்டிப்பிடித்துக்கொண்டு பள்ளத்தில் கிடந்த சேதியை நெட்டையன் வாயால் கேட்க வைக்கலாமா? அவன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும் என்பது நமக்கு வழக்கம். படங்கள் வந்த பிறகு பார்த்தால், பாவம், இந்த ஒரு தடவை குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான். இங்கே எல்லோரும் நலம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

முதலில் உன் மணிக்கட்டு. கையெழுத்தே கோணலாக இருக்கிறது. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாய், அதை அப்படியே நம்பிவிடாதே. கட்டைவிரலை விரித்துத் தூக்கினால் அதன் அடியில் மணிக்கட்டோரம் ஒரு சின்னக் குழி விழும். அங்கே அழுத்திப் பார். வலித்தால் ஸ்கேஃபாய்டு எலும்பில் விரிசல் இருக்கலாம். கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் அடிக்கடி உடைவது அதுதான். விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் சகஜம், அதனால் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும். அது முன் பிரேக் பிடிக்கிற கை என்பதை நினைவில் வை.

ஹெல்மெட்டில் "பெயின்ட் மட்டும்தான் போச்சு" என்கிறாய். வெளி ஓடு எப்படி இருந்தால் என்ன? அடியை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கிற தெர்மாகோல் மாதிரியான நுரை. ஒரு தடவை நசுங்கினால் அது திரும்ப எழாது. அதைத் தூக்கிப் போடு. தங்கச்சியிடம் கொடுத்துவிடாதே.

இனி கிழவி. "ஃபோர்க்கை நிமிர்த்தி, ஒரு வெல்டிங் வைத்தால் ஓடிவிடும்" என்று எந்த மகான் உனக்குச் சொன்னாரோ! படத்தில் முன்சக்கரம் எஞ்சினை முத்தமிடுகிற தூரத்தில் இருக்கிறது. வளைந்தது முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் ராடு மட்டும் என்றால் பிழைத்தோம். ராடைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பலகையில் உருட்டு. அடியில் வெளிச்சம் வந்து வந்து போனால் வளைவு இருக்கிறது. பல மேனுவல்களில் எல்லை 0.2 மி.மீ.தான். நிமிர்த்தினாலும் குரோம் பூச்சில் நூல் நூலாகக் கீறல் விழும், அது ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். புது ராடுதான் வழி.

ஆனால் என் சந்தேகம், ஃபோர்க் வந்து பொருந்துகிற சேஸிஸ் கழுத்தில். டேங்கைக் கழற்று. கழுத்துக் குழாயோடு மேல் குழாயும் கீழிறங்கும் குழாயும் சேரும் இடத்தில், வெல்டிங் ஓரமாகப் பெயின்ட் சுருங்கியிருக்கிறதா, முடி மாதிரி வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். பெரும்பாலும் இரும்பு நகர்ந்தால்தான் பெயின்ட் அப்படி வெடிக்கும். அப்புறம் நூல் பிடித்துப் பார்க்கலாம். பின்டயரின் பின்பக்கமாக ஒரு நூலைச் சுற்றி, இரண்டு முனைகளையும் இருபக்கமும் முன்சக்கரம் வரை இழு. பின்டயரின் முன்விளிம்பை நூல் லேசாகத் தொட வேண்டும். முன்டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால், பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் போல்ட்டிலிருந்து பின் ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்துகொள். செயின் அட்ஜஸ்டர் கோடுகளை மட்டும் நம்பினால் சேஸிஸ்மேல் வீண்பழி விழும்.

நூல் சோதனையும் பக்கவாட்டுக் கோணலைத்தான் காட்டும். கழுத்து நேராகப் பின்னால் தள்ளப்பட்டிருந்தால் அதற்குத் தெரியாது. அங்கேதான் ஆபத்து. கிழவியின் அளவுள்ள சக்கரத்தில் கழுத்தின் சாய்வு ஒரு டிகிரி நிமிர்ந்தாலே டிரெயில் (கழுத்தின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், ஹேண்டிலை நேராக வைப்பது அதுதான்) சுமார் 6 மி.மீ. குறைந்துவிடும். தெருவில் 30 வேகத்தில் ஒன்றும் தெரியாது, "முன்னைவிட லேசாகத் திரும்புதே" என்று சந்தோஷப்படுவாய். 70-ல் ஒரு குழியில் ஏறி இறங்கும்போது ஹேண்டில் பார் உன் கையைவிட்டுத் தானாக ஆடும். ஜிக்கில் (சேஸிஸை இறுக்கிப் பிடிக்கிற சட்டம்) பூட்டி அளந்து நிமிர்த்துகிறவர் கிடைத்தால் சரி. அடுப்புக் காய்ச்சலும் சுத்தியலும் என்றால் வேண்டாம். சூடு காட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும்.

அதனால் சொல்கிறேன், கிழவியை விட்டுவிடு. எஞ்சினையும் கார்புரேட்டரையும் காப்பாற்று. மிதவைக் கிண்ணத்தைக் காலி செய். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, மெதுவாக நாலு கிக் கொடுத்து, பிளக்கைப் பூட்டிவை. சைலன்சர் வாயில் துணி அடை. ஒரே ஒரு எச்சரிக்கை: விழுந்தது மேக்னெட் (கிராங்க் முனையில் சுழன்று மின்சாரம் தருகிற காந்தச் சக்கரம்) பக்கம் என்றால் கிராங்க் முனை வளைந்திருக்கலாம். மூடியைத் திறந்து மேக்னெட் தள்ளாடாமல் சுற்றுகிறதா என்று பார்க்காமல் யாருக்கும் எஞ்சினை விற்காதே.

புது வண்டி எடுத்துவிட்டாயாம். ஃபோர்-ஸ்ட்ரோக், டிஸ்க் பிரேக், சக்கரம் பூட்டாமல் காக்கிற ஏபிஎஸ். வாழ்த்துகள், நீயும் கடைசியில் மனிதர்களோடு சேர்ந்தாய். எனக்கு வண்டியைப் பற்றிப் பயமில்லை. இத்தனை வருஷம் கிழவி பழக்கி வைத்த உன் கையையும் காலையும் நினைத்தால்தான் பயம்.

நீ இறக்கத்தில் என்ன செய்வாய்? கிளட்ச்சைப் பிடித்து உருளவிடுவாய், நடுவில் ஒரு முறுக்கு முறுக்குவாய். கிழவிக்கு அது சரி. டூ-ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் குறைந்துவிடும், நீண்ட இறக்கத்தில் பிஸ்டன் காயும். புதுசில் ஆயில் தனியாக பம்ப் ஆகிறது. அதில் இறக்கத்தில் கியரில் வை, எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். உருளவிட்டால் மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில்.

எஞ்சின் வண்டியைப் பிடிப்பதால் இன்னொன்றும் மாறும். கிழவியில் மூன்று கியரை டக்டக்கென்று ஒரே மூச்சில் இறக்குவாயே, அவளுக்கு எஞ்சின் பிடிப்பு ரொம்பக் குறைவு, பொறுத்துக்கொண்டாள். இதில் அப்படிச் செய்து கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு துள்ளும். ஒவ்வொரு கியராக இறக்கு. கிளட்ச் விடுமுன் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடு.

பிரேக்கும் அப்படித்தான். டிரம்மைப் பிடிக்கிற மாதிரி டிஸ்க்கைப் பிடுங்காதே. முதலில் லிவரைத் தொட்டு எடையை முன்னால் வரவிடு, பிறகு அழுத்து. ஏபிஎஸ் வேலை செய்யும்போது லிவர் விரலுக்கடியில் துடிக்கும், பயந்து விட்டுவிடாதே. ஒற்றைச் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் காவல், பின்சக்கரம் பூட்டும். சாதாரண ஏபிஎஸ் வளைவில் சாய்ந்திருக்கும்போதும் உன்னைக் காப்பாற்றாது. காலி மைதானத்தில் 30-லிருந்து தொடங்கிப் பழகு. காய்ந்த தார்ச்சாலையில் 30-ல் ஏறத்தாழ 5 மீட்டரில் நிற்கிறது என்றால் 60-ல் 20 மீட்டர். நீ திடுக்கிட்டு நிற்கிற ஒரு விநாடிக்கு இன்னும் 17 மீட்டர் சேர்த்துக்கொள்.

புது டயரில் முதல் 150 கி.மீ. சாய்க்காதே, மேல்தோல் வழுக்கும். பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்து தொலைக்காதே (நீ செய்வாய்). டேங்கை வற்றவும் விடாதே, உள்ளே இருக்கிற பம்ப்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான். எஞ்சின் ஆயில் டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ (பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் தரம்) என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்கு. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

கிழவியின் டேங்க்கை மட்டும் நெட்டையன் கேட்டால் கொடுக்காதே. பழைய ஹாரன் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும்.

இரண்டாவது எக்ஸ்ரே எடுத்ததும் எழுது. கைக்குக் கட்டுப் போட்டிருந்தால் இடது கையால் எழுது. வலது கை எழுத்தைவிட மோசமாக இருக்க வாய்ப்பில்லை.

உன்,
பழைய பெஞ்ச்காரன்