மதி, எல்ட்ஸ் கோட்டைக்குப் போய் வா

அன்புள்ள மதி,

ஜெர்மனியில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று நீ அனுப்பிய பட்டியலில் நோய்ஷ்வான்ஸ்டைன் முதலில் இருக்கிறது. அழகான இடம்தான். ஆனால் அது 1869-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. நிஜமான இடைக்காலக் கோட்டையைப் பார்க்க ஆசை என்றால் எல்ட்ஸுக்குப் போ.

கோப்லென்ஸுக்கும் ட்ரியருக்கும் நடுவே, மோசெல் ஆற்றை ஒட்டிய காட்டுக்குள் இருக்கிறது. சுமார் 70 மீட்டர் உயரப் பாறை. மூன்று பக்கமும் எல்ட்ஸ் ஓடை வளைத்து ஓடுகிறது. பாறையின் வடிவத்துக்கு ஏற்பவே சுவர்களை எழுப்பியதால் உள்ளே பல அறைகள் கோணல்மாணலாக இருக்கும். மோசெலில் இருந்து ஐஃபெல் மலைப்பகுதிப் பக்கம் போகும் வணிகப் பாதையைக் காக்க எழுந்த கோட்டை இது. எல்ட்ஸ் வம்சத்து ருடோல்ஃபின் பெயர் 1157-ஆம் ஆண்டுப் பேரரசர் பட்டயம் ஒன்றில் சாட்சியாக வருகிறது. இன்றைக்கும் அதே குடும்பத்தின் சொத்து.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் குடும்பத்தின் பாகப்பிரிவினை. 1268-இல் எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிக் என்ற மூன்று சகோதரர்கள் சொத்தைப் பிரித்தார்கள். ஆனால் யாரும் கோட்டையை விட்டுப் போகவில்லை. பங்காளிகள் ஒரே முற்றத்தைச் சுற்றி அவரவருக்கு வீடு கட்டி, பொதுச் செலவுக்கும் ஒழுங்குக்கும் உடன்படிக்கை எழுதிக்கொண்டு, நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தே இருந்தார்கள். இடம் குறுகல் என்பதால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. அந்த நெருக்கமான கோபுரக் கூட்டம் அப்படி வந்ததுதான். அந்த வீடுகளில் ஒன்றான ரோடன்டார்ஃப் வீட்டின் பெரிய கூடத்தில் விதூஷக முகங்களைத் தேடிப் பார். இங்கே மனம்விட்டுப் பேசலாம் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கூடத்தின் வாசலுக்கு மேலே இருக்கும் ரோஜாவையும் கவனி. பேசியது வெளியே போகக் கூடாது என்கிறது அது. பங்காளிகள் கூடும் வீட்டில் இரண்டும் வேண்டும், இல்லையா?

சண்டையும் வந்தது. சுற்றியுள்ள குன்றுகள் பாறையைவிட உயரம். 1331-இல் மூண்ட பகையில், ட்ரியர் பகுதியை ஆட்சியும் செய்த பேராயர் பால்டுவின் அதைத்தான் பயன்படுத்தினார். எதிர்ச்சரிவில் ட்ரூட்ஸ்எல்ட்ஸ் என்ற முற்றுகைக் கோட்டையைக் கட்டி, அங்கிருந்து கற்குண்டுகளை எறிய வைத்தார். கடைசியில் குடும்பம் பணிந்தது, வீடு தப்பியது. அப்புறம் 1689 வாக்கில் பிரெஞ்சுப் படை ரைன் பகுதிக் கோட்டைகளைத் தகர்த்தது. ஹைடெல்பெர்க் கோட்டைகூடத் தப்பவில்லை. எல்ட்ஸ் தப்பியதற்குக் காரணம், பிரெஞ்சுப் படையில் அதிகாரியாக இருந்த ஹான்ஸ் அன்டன் என்ற எல்ட்ஸ் குடும்பத்தவர். 1815-இல் மூன்று பங்கும் மறுபடி ஒரு கைக்கு வந்தன.

மோசெல்கேர்ன் ரயில் நிலையத்தில் இறங்கி, ஓடையோரப் பாதையில் நடந்தே போ. குளிர்காலத்தில் கோட்டையை மூடிவிடுவார்கள், அதனால் தேதியைப் பார்த்துக்கொள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். முடிந்தால் ட்ரூட்ஸ்எல்ட்ஸ் இடிபாட்டுக்கும் ஏறு. எதிரி எவ்வளவு கிட்டத்தில் இருந்தான் என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

அன்புடன்,
அத்தை