தெருமுனை மெடிக்கல் தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

ஆத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நடந்தது காரைக்குடியில் பாதிப் பேருக்குத் தெரியும், மறுபடி சொல்லத் தெம்பில்லை. ராத்திரியென்றும் பாராமல் ரத்தம் கொடுத்தவர்கள், மதுரை வரை ஆம்புலன்ஸில் கூடவே வந்த பங்காளி வீட்டு அண்ணன், நர்ஸம்மாக்கள், மலேசியாவிலிருந்து போன் போட்டு அழுத சின்னாத்தா எல்லாருக்கும் கும்பிடு.

ஆனால் இந்த மடல் முக்கியமாக மெடிக்கல் தம்பிக்கு.

மூட்டுவலி மாத்திரை வாங்கப்போன ஆத்தா, வழக்கம்போல வயிற்றெரிச்சலுக்கு ரோஸ் கலர் மருந்தும் கேட்டிருக்கிறார்கள். எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டிருக்கலாம். கடையில் நாலு பேர் நிற்கிறார்களே என்று தம்பி வெளியே வந்து, ஆத்தாவை ஓரமாக அழைத்துப்போய், "ஆச்சி, வெளிக்குக் கறுப்பாப் போகுதா, தார் மாதிரி?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும், "இரும்புச்சத்து மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று அடுத்த கேள்வி. அதைச் சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகுமாம். இல்லை என்றதும், வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட்டு, மாத்திரை அட்டையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு எனக்குப் போன் அடித்தார். எங்களிடமே சொல்லக் கூசியதை ஆத்தா அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலில் புண், ரத்தக்கசிவு. அந்தக் குழாய் வழியாகவே ஊசி போட்டு, கிளிப் மாட்டி நிறுத்தினார்கள். இரைப்பையில் துளி சதை எடுத்துப் பார்த்ததில் இந்தப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்தது. அதுவும் வலி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடுமாம். பார்க்க வந்தவர்களெல்லாம் பழியை நம்மூர்க் காரத்தின் மேல் போட்டார்கள். காரம் எரிச்சலைக் கூட்டலாமே தவிர இந்தப் புண்ணை உண்டாக்காது என்று டாக்டர் சொன்னதும்தான் ஆத்தாவுக்கு உயிரே வந்தது. அந்தக் கிருமி வயிற்றைக் கெடுக்கும் என்று காட்ட 1984இல் அதைத் தானே குடித்துப் பார்த்த டாக்டர் பாரி மார்ஷலுக்கும், அவரோடு 2005இல் நோபல் பரிசு வாங்கிய ராபின் வாரனுக்கும் சேர்த்தே என் கும்பிடு!

இப்போது 14 நாள் ஆன்டிபயாடிக், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அமிலம் குறைக்கும் மாத்திரை. அப்புறம் குறைந்தது நாலு வாரம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று சோதனை. இனி டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை எங்கள் வாசல்படி ஏறாது.

தம்பி, மருந்தெல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டாரோடு வாருங்கள். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் செய்ய வேண்டுமென்று ஆத்தா இப்போதே அரிசி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள்.