மூவேந்தர் பூ நகைகள்: சோழர் பதக்கத்தை ஏன் மாற்றுகிறோம்?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தை மாதம் நாங்கள் வெள்ளியில் கொண்டுவந்த மூவேந்தர் பூ நகைகளில் சோழர் பதக்கத்தை இனிப் பழைய வடிவில் செய்யப்போவதில்லை. ஏன் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். தவறு எங்களுடையது. ஆத்திப்பூ என்று சொல்லி உங்கள் கையில் மந்தாரையைக் கொடுத்துவிட்டோம்.

இரண்டும் ஒரே பேரினத்து மரங்கள். இரண்டின் இலையும் மாட்டுக் குளம்புபோல நடுவில் பிளந்திருக்கும். ஆனால் மந்தாரைக்கு அகன்ற இதழ், பெரிய பூ. ஆத்தியோ சிறியது, மஞ்சள் கலந்த வெண்மை, ஒடுங்கிய இதழ்கள், காம்பு நெடுக வரிசையாகப் பூக்கும். பெரிய பூ நகையில் எடுப்பாகத் தெரியும் என்ற ஆசையில் கை அந்தப் பக்கம் போய்விட்டது. பங்குனியில் ஒரு வாடிக்கையாளர் அம்மா ஆத்திக் கிளையையே கொண்டுவந்து மேசைமேல் வைத்துக் காட்டினார்.

பூதானே என்று விட மனம் வரவில்லை. மூவேந்தர் கொடிகளில் இருந்த புலி, வில், கயல் எல்லோருக்கும் தெரியும். போரில் இன்னார் படை என்று அடையாளம் தெரிய வீரர்கள் சூடியது பூ: சேரருக்குப் பனை, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி. தொல்காப்பியம் மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. சோழர் குடியின் நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருக்க, அதே குடியின் நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டு நின்றபோது புலவர் கோவூர்கிழார் பாடியது புறநானூற்றில் 45ஆம் பாட்டு. எதிரே நிற்பவன் பனந்தோடு சூடியவனும் இல்லை, வேம்பு சூடியவனும் இல்லை. உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்கிறார். அந்த உறையூருக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருக்கும் நாங்கள் ஆத்தியைத் தவறாகச் செய்யலாமா?

இந்த மரத்துக்கும் பொன்னுக்கும் வேறொரு உறவும் உண்டு. மராட்டியத்தில் தசரா நாளில் ஆத்தி இலையைத்தான் 'பொன்' என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். புதிய பதக்கத்தின் பின்பக்கத்தில் அந்த இலையைப் பொறித்திருக்கிறோம்.

சேரர் தோட்டில் பூவே இல்லையே என்றும் கேட்கிறீர்கள். அது தெரிந்தே செய்தது. கோவூர்கிழார் சொல்வதும் பனையின் வெண்தோட்டை, அதாவது வெளுத்த இளம் ஓலையை. பனையோலையைச் சுருட்டிக் காதில் செருகிய வழக்கம் நம்முடையது. ஓலைக்கும் காதணிக்கும் தோடு என்ற ஒரே பெயர் இருப்பது அதனால்தான். ஆகவே ஓலைச் சுருளாகவே வைத்தோம். குருத்தின் வெண்மை தெரியட்டும் என்று முலாம் பூசவில்லை. மூன்றில் என் மனதுக்கு நெருங்கியது அதுதான்.

பாண்டியர் வேப்பம்பூ மாலையில் மாற்றம் எதுவும் இல்லை.

இவை பழைய நகைகளின் நகல் அல்ல. வடிவம் முழுக்க எங்கள் பட்டறையில் வரைந்தது.

பழைய பதக்கம் வைத்திருப்பவர்கள் சித்திரை முடிவதற்குள் கொண்டுவாருங்கள். செய்கூலி, சேதாரம் இல்லாமல் மாற்றித் தருகிறோம். எடை கூடினாலும் பணம் வேண்டாம். ரசீதும் தேவையில்லை, பின்புறம் எங்கள் முத்திரையும் 92.5 என்ற வெள்ளித் தர எண்ணும் இருந்தால் போதும். ஒரு கொத்தில் பதினொரு பூக்களைத் தனித்தனியே பற்றவைக்க வேண்டியிருப்பதால் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழையதே பிடித்திருக்கிறது என்பவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். யாராவது கேட்டால் மந்தாரை என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பட்டறைத் தோழர்களும்
திருச்சிராப்பள்ளி