தம்பிக்கு, தங்கச்சிமடத்திலிருந்து அப்பா

தம்பி,

நேற்று போனில் "இயக்கம் ஏன்ப்பா தோத்துச்சு?" என்று கேட்டாய், உடனே பதில் வரவில்லை. வெளியில் இருந்தவர்கள்தான் தோற்கடித்தார்கள் என்று உன் அறையில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பையன் சொல்வது பொய் இல்லை. ஆனால் இந்தக் கரையில் நின்று நான் பார்த்ததையும் கேட்டுக்கொள்.

1976-ல் விடுதலைப் புலிகள் இயக்கம் தொடங்கியபோது விரல்விட்டு எண்ணும் ஆட்கள்தான். 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் இலங்கை ராணுவத்தின் 13 சிப்பாய்களைக் கொன்றார்கள், மறுநாளே கொழும்பில் சிங்களக் கும்பல்கள் தமிழர்களைத் தேடித்தேடி வெட்டின, எரித்தன. அதற்கப்புறம்தான் பையன்கள் கூட்டம் கூட்டமாக எல்லா இயக்கங்களிலும் சேர்ந்தார்கள், இந்தியாவே பயிற்சி கொடுத்தது. எனக்கு அப்போது 17 வயது. அந்தப் பையன்கள் இங்கே கரையில் நடந்தால் பின்னாலேயே போவேன், உன் அப்பத்தா சோறு போடுவாள்.

1986-ல் ஈழத்துக்காகவே போராடிய இன்னொரு இயக்கமான டெலோவைப் புலிகளே சுட்டு அழித்தார்கள், அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் உட்பட. அப்பத்தா கையில் சாப்பிட்ட பையன்கள் அதிலும் இருந்தார்கள், இதிலும் இருந்தார்கள். அன்றைக்கு அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. பிற்பாடு புலிகள் ராணுவத்தின் பெரிய முகாமான ஆனையிறவையே பிடித்தார்கள்தான், ஆனாலும் சரிவு அன்றைக்கே தொடங்கிவிட்டது என்றுதான் நான் சொல்வேன். 1990-ல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது பாம்பன் பாய் ஒருவர் என்னிடம், "நாங்களும் தமிழ்தானேப்பா பேசுறோம்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றதும் இந்தக் கரையும் அவர்களுக்கு இல்லாமல் போனது. 2004-ல் அவர்களுடைய கிழக்குத் தளபதி கருணா பிரிந்து கிழக்கும் போயிற்று.

2007-ல் ஒரு விடியற்காலை, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் ஒரு அம்மாவும் பையனும் நின்றிருந்தார்கள். படகுக்காரன் இதுதான் இந்தியா என்று இருட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். பையனுக்கு அன்றைய உன் வயது, எட்டு இருக்கும். தண்ணீர்க் கேனை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் இடுப்பில் பாலிதீன் பையில் சுற்றிய பள்ளிச் சான்றிதழ்கள், எல்லாம் மூத்த மகளுடையவை. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் அவளைப் பிடித்துப் போய்விட்டதாம். இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் ராணுவத்தின் ஷெல். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. கடைசி மாதங்களில் செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு.

அந்தப் பையன் மண்டபம் அகதி முகாமிலேயே வளர்ந்து இப்போது பெயின்ட் வேலைக்குப் போகிறான். அக்காவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவர்களுக்கு முல்லைத்தீவில் முள்ளியவளைப் பக்கம். உன் நண்பனுக்கு அங்கே யாரையாவது தெரியுமா என்று கேட்டு எழுது, பெயர் விவரமெல்லாம் நான் வாங்கி அனுப்புகிறேன்.

அப்பா