எஞ்சின் சீலை மாற்றுமுன் பிரீதரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், எஞ்சினில் ஆயில் ஒழுகினால் சீல்களை (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்களை) மாற்ற வேண்டும், அதற்கு வசதியில்லையென்றால் கெட்டியான ஆயில் ஊற்ற வேண்டும் என்று கூறப்பட்டிருந்தது. 2006 வரை டர்பன் புரோஸ்பெக்டனில் தயாரான டொயோட்டா டாஸும், 2009 வரை யூட்டன்ஹேஜில் தயாரான ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபும் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த அறிவுரையைக் கேட்டு அவற்றின் சொந்தக்காரர்கள் வீண் செலவு செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு சிறிதளவு எஞ்சினின் கீழ்ப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். பழைய எஞ்சினில் அது கூடுதலாக இறங்கும். அந்த வாயுவை, சிலிண்டர்களுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சலால் இழுத்து மறுபடி எரிக்கவே பல எஞ்சின்களில் பி.சி.வி. என்ற வால்வும், வாயு போகும் பிரீதர் குழாயும் உள்ளன. கசடு படிந்து அவை அடைத்துக்கொண்டால், போக வழியில்லாத அழுத்தம் ஆயிலைச் சீல்களின் ஓரமாக வெளியே தள்ளுகிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பின்பக்க கிராங்க் சீலைப் புதிதாகப் போட்டாலும், அடைப்பு நீங்காதவரை அதுவும் ஒழுகும். கெட்டி ஆயிலால் இந்த அழுத்தம் குறையாது. அதிகாலையில் வண்டியைக் கிளப்பும்போது ஆயில் மேலே ஏறத் தாமதமாவதுதான் மிச்சம்.

சோதிப்பது எளிது. எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிக் கவரின் வாயை அடைத்துவிட்டு, ஆயில் ஊற்றும் துளையின் மேல் மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டி, எஞ்சினை ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட வேண்டும். கையுறை உள்ளே உறிஞ்சப்பட்டால் வால்வு வேலை செய்கிறது. கையுறை உப்பி எழுந்தால், வால்வையும் குழாயையும் சுத்தம் செய்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் கையுறை உப்பி எழுந்தால் ரிங்குகள் மீதே சந்தேகம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறைவாக உள்ள சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டதும் அளவு உயர்ந்தால் அந்தச் சந்தேகம் உறுதியாகும்.

ஐடிலில் தேறிய வண்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ‘டவுன் ஹில்’ (Town Hill) என்ற மலைச்சாலையில் ஏறும்போது காட்டிக்கொடுப்பதும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கையில் மேனிஃபோல்டின் உறிஞ்சல் ஏறக்குறைய இல்லாமற்போகிறது. அதே நேரத்தில் ரிங்குகளைத் தாண்டும் வாயு பெருகி, ஏர் ஃபில்டர் பக்கமாகத் திரும்புகிறது. ஏற்றம் முடிந்தபின் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அட்டை ஆயிலில் ஊறியிருந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

கசிவின் இடத்தையும் மேலிருந்து கீழாகத் தேட வேண்டும். டாப்பெட் கவரின் அடியிலுள்ள கேஸ்கட்டில் (கசிவைத் தடுக்கும் பட்டையில்) கசியும் ஆயில் எஞ்சினின் பின்புறமாக வழிந்து கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். அதைப் பின்பக்க சீல் என்று தீர்மானிக்கும் மெக்கானிக்குகள் இங்கே குறைவில்லை. முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, சிறிது தூரம் ஓட்டியபின் ஈரம் தெரியும் மிக உயரமான இடத்தைக் கண்டுபிடிப்பதே முறை. விற்பவர்கள் ரோட்வர்த்தி (வண்டியின் சாலைத் தகுதி) சோதனைக்குப் போகும் காலையில் எஞ்சினைக் கழுவிவிடுவது வேறு கதை. வாங்குபவர் மலையேற்றிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் சீல் மாற்றும் யோசனைக்கு முன்பாக இந்தச் சோதனைகளைச் சேர்க்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.