கொலோனிலிருந்து அக்காவுக்கு

கொலோன்,
ஜெர்மனி,
நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கே அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? போன் போட்டாலே "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்கிறாய். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது நான் என்னத்தைச் சொல்ல? அதனால்தான் கடிதம். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படும்படி ஒன்றுமில்லை. இவர் குடிப்பதில்லை, குரலை உயர்த்துவதுகூட இல்லை. சண்டை போட்டால் தேவலை என்று எனக்குத்தான் சில நாள் தோன்றுகிறது.

போன மாதம் ஒரு நாவல் கையில் கிடைத்தது. இந்த ஊரில் தெருவோரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரிகள் உண்டு. யாரும் எடுக்கலாம், யாரும் வைக்கலாம், கேட்க ஆளில்லை. அதில் ஜெர்மன் புத்தகங்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒன்று: 'எஸ்மண்ட் இன் இந்தியா'. எழுதியவர் ரூத் பிராவர் ஜாப்வாலா. 1927இல் இதே கொலோனில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போயிருக்கிறார். அப்புறம் ஒரு பார்சிக்காரரைக் கட்டிக்கொண்டு டில்லிக்கே வந்துவிட்டார். புக்கர் பரிசும் ஆஸ்காரும் வாங்கியவர். எங்கள் தெரு நடைபாதையில் சில வீட்டு வாசல்களில் சின்னச் சின்னப் பித்தளைக் கற்கள் பதித்திருக்கும். அந்தந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர்களின் பெயர்கள். அதைப் பார்த்துக்கொண்டே தினமும் நடப்பதாலோ என்னவோ, இந்த ஊர்ப் பெண் நம் ஊர்க் கதை எழுதியிருக்கிறாள் என்றதும் விட மனசு வரவில்லை.

1958இல் வந்த நாவல். எஸ்மண்ட் என்ற வெள்ளைக்காரன் டில்லியில் பணக்கார வீட்டுப் பெண்களுக்கு இந்தியக் கலை, இலக்கியம் என்று பாடம் எடுத்துப் பிழைக்கிறான். வெளியே இந்தியாவைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு, வீட்டிலிருக்கும் இந்தியப் பெண்டாட்டி குலாபைக் கண்டாலே ஆகாது. அவள் சாப்பிடுவது, படுப்பது, பிள்ளையைக் கொஞ்சுவது எல்லாமே அவனுக்குக் குற்றம். அவளோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவன் வெளியே போனதும் அம்மா வீட்டிலிருந்து வந்த காரச் சாப்பாட்டைக் கையால் பிசைந்து ருசித்துச் சாப்பிடுவாள். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன் அக்கா. நீ அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை இவர் ஊரில் இல்லாத அன்று வறுத்தவள் நான்.

அவர் இருக்கும்போது ஒரு தடவை வறுத்தேன். ஒன்றுமே சொல்லவில்லை. எல்லா ஜன்னலையும் விரியத் திறந்தார், கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டார், அப்படியே உட்கார்ந்து பேப்பர் படித்தார். வெளியே நடுக்கும் குளிர். "பிடிக்கலைன்னா சொல்லுங்களேன்" என்றேன். "பிடிக்கவில்லை, ஆனால் நீ சமைக்கலாம். நான் ஜன்னலைத் திறக்கலாம்" என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சண்டை போடுவது, சொல்!

ராத்திரிச் சாப்பாடு இங்கே அடுப்பில் ஏறாது. ஆளுக்கொரு சின்ன மரப்பலகை, அதில் கம்பு நிறத்தில் கெட்டி ரொட்டி, சீஸ், இரண்டு துண்டு வெள்ளரிக்காய், அவ்வளவுதான். நான் அதைப் பார்க்கிற பார்வை எஸ்மண்டின் பார்வைதான். நாவலில் ஊருக்குப் புதியவன் அவன், இங்கே ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டு வந்த நான். ஆனால் குலாபுக்கு அதே ஊரில் அம்மா இருந்தாள். கடைசியில் ஒருநாள், வீட்டு வேலைக்காரன் தகாதபடி நடந்துகொண்டதும், காப்பாற்ற வேண்டிய புருஷன் காப்பாற்றவில்லை என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போயே விடுகிறாள். அவனிடம் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. எனக்கு அவள்மேல் பரிதாபமும் வந்தது, எரிச்சலும் வந்தது. அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

மொழி வகுப்பில் என்னோடு படித்த பெண்கள் முதலில் சொல்லித்தந்தது இலக்கணம் இல்லை. கல்யாணம் ஆகி இங்கே மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டால், பிரிந்தாலும் விசா போகாது என்பதைத்தான். விவாகரத்து வேண்டுமென்றால் பொதுவாக ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டுமாம். எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஆனாலும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

சரி, பண விஷயத்துக்கு வருகிறேன். பெரியவளின் காலேஜ் பீஸுக்கு நீ கேட்டது ஏன் தள்ளிப் போனது என்று அத்தான் வருத்தப்பட்டிருப்பார். இங்கே வீட்டுச் செலவுக்குப் பொதுக் கணக்கு, அது தவிர ஆளுக்கொரு கணக்கு. பொதுக் கணக்கிலிருந்து அனுப்பலாமா என்று கேட்டேன். "கடனா, அன்பளிப்பா?" என்றார். கூடப் பிறந்தவளிடம் இப்படி ஒரு கேள்வி உண்டா என்று எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேசவில்லை. அவரோ நான் பதிலை யோசிப்பதாக நினைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்! பிறகு நானே உட்கார வைத்து, அப்பா போனபின் நீ நகையை விற்று என்னைப் படிக்க வைத்ததைச் சொன்னேன். அதுவரை சொன்னதே இல்லை. இதையெல்லாம் போய்ச் சொல்வார்களா என்றிருந்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்றார். பணம் திங்கட்கிழமை வந்து சேரும். பாதி அவர் கணக்கிலிருந்து.

ஏப்ரலில் இரண்டு பேரும் வருகிறோம். மாடி அறையை எங்களுக்கு மட்டும் ஒதுக்கி வை. மத்தியானம் இவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாக இருப்பார். கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அம்மாவிடம் இதை மட்டும் சொல்லிவிடு. கருவாடு இன்னும் கொஞ்சம் அனுப்பு.

அன்புத் தங்கை