சூலாஜின் கறுப்புக்கு ஒரே வெளிச்சம் போதாது

பிரெஞ்சு ஓவியர் பியேர் சூலாஜின் ஓவியங்களைக் காத்துவரும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2022 அக்டோபரில், 102 வயதில் சூலாஜ் மறைந்தபோது, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியக முற்றத்தில் பிரான்ஸ் அவருக்குத் தேசிய அஞ்சலி செலுத்தியது. நூறாவது பிறந்தநாளுக்கும் அதே லூவ்ரில் கண்காட்சி நடந்தது. மரியாதையில் யாரும் குறை வைக்கவில்லை. அவருடைய ஓவியங்களைப் பல கூடங்களில் மாட்டியிருக்கும் விதத்தில்தான் எனக்குக் குறை.

1979இல் ஒருநாள், சரியாக வராத ஓவியம் ஒன்றோடு மணிக்கணக்கில் போராடிவிட்டுத் தூங்கப்போனார். எழுந்து வந்து பார்த்தபோது, கித்தான் முழுவதும் அப்பியிருந்த கறுப்பின் மேடுபள்ளங்களில் ஒளி பட்டுத் திரும்புவதைக் கண்டார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒளியைத்தான் வரைந்தார். தலைப்புகூட வைக்கவில்லை, அளவும் தேதியும் மட்டுமே. அப்படிப்பட்ட ஓவியத்தின்மேல் அசையாத விளக்கு ஒன்றைப் பாய்ச்சி, முன்னால் கயிறு கட்டி நிறுத்தினால் பார்ப்பவருக்கு என்ன கிடைக்கும்? கறுப்புப் பலகை ஒன்றைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

தென் பிரான்சிலுள்ள காங்க் என்ற ஊரின் பழைய தேவாலயத்தை எண்ணிப் பாருங்கள். ஓவியனாகவே வாழ்வேன் என்று சிறுவன் சூலாஜ் முடிவுசெய்த இடம் அது. 1987 முதல் 1994 வரை அதன் 104 சாளரங்களுக்கும் அவர் கண்ணாடி அமைத்தார். வண்ணம் துளியும் இல்லை. வெளிச்சத்தை ஊடே விட்டும் பார்வையை மறித்தும் நிற்கும் கண்ணாடி கிடைக்கும்வரை சோதனை மேல் சோதனை செய்தார். பொழுது நகர நகர அதன் சாயல் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறுகிறது. நாளின் ஒவ்வொரு வேளையையும் இப்படிக் கணக்கில் கொண்டவரின் ஓவியத்தைச் சன்னலற்ற அறையில் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

காகிதத்தில் வால்நட் சாயத்தால் தீட்டிய அவருடைய தொடக்ககாலப் படைப்புகளுக்கு மங்கிய ஒளி தேவை என்பதை அறிவேன். அவற்றைத் தொட வேண்டாம். கித்தான்மேல் தீட்டிய பெரிய கறுப்பு ஓவியங்களுக்காவது, நேர்வெயில் படாமல், பகல் வெளிச்சம் வர வழி செய்யுங்கள். அவரே சில கண்காட்சிகளில் ஓவியங்களைச் சுவரிலிருந்து பிரித்து, கூடத்தின் நடுவே கம்பிவடத்தில் தொங்கவிட்டார். அதைப் பின்பற்றுங்கள். பார்ப்பவர் பக்கவாட்டில் நடந்துபோக இடம் விடுங்கள். வெளியிடும் நூல்களில் ஒவ்வொரு ஓவியத்துக்கும் வெவ்வேறு வேளைகளில் எடுத்த இரண்டு மூன்று படங்களையாவது சேருங்கள்.

அன்புடன்,
ஓர் ஓவிய ரசிகர்